காலை எட்டு மணி ரத்தம்

நாற்பத்தியொன்று. கையிலிருக்கும் துண்டுச் சீட்டை மறுபடியும் பார்க்கிறேன், நான் பார்க்காத நேரத்தில் எண் குறைந்துவிடுமா என்ன. சுவரில் சிவப்பு எழுத்தில் இருபத்திரண்டு எரிகிறது. மணி ஏழு இருபத்தைந்து. நேற்றுச் சாப்பிட்டதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை, விடிந்ததிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்தான், நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தால் நல்லது, பத்தைத் தாண்டவே கூடாது, காலையில்தான் அந்த ஆம்பளைச் சத்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் என்று டாக்டர் ஹசீனா சொல்லியிருக்கிறார். உச்சம். என் உச்சம் போன தடவை இருநூற்றுப் பதினெட்டு. முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எதில் முந்நூறு, கிலோவா லிட்டரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இருபத்தாறு வருஷமாக டன் கணக்கில் எடை தூக்குகிறவனுக்கு இருநூற்றுப் பதினெட்டு என்பது ஒரு எடையாகத்தான் தோன்றுகிறது, அதுவும் குறைவான எடை, கொக்கியில் மாட்டினால் கயிறு விறைக்காத எடை. இன்னும் பத்தொன்பது பேர். பில்லிங்குக்கு என் முறை வரும்போது கவுண்டர் பெண் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், ஆரோக்கியசாமி என்று. நாலு பேர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஐம்பத்திரண்டு வருஷமாக இந்தப் பேரைச் சுமக்கிறேன், இந்த ஒன்றரை வருஷமாகத்தான் அது கேலி மாதிரிக் கேட்கிறது.

ஏ.சி. நேராக என் பிடரியில் அடிக்கிறது, இருந்தும் சட்டைக்குள்ளே வேர்க்கிறது. இது என்ன வேர்வை என்று முதலில் புரியவே இல்லை. உழைத்த வேர்வை எனக்குத் தெரியும், மே மாதத்தில் ஷெட்டின் தகரக் கூரைக்கு அடியில், முப்பதடி உயரத்துக் கிரேன் கேபினில் உட்கார்ந்து வேர்த்தவன் நான். இது அப்படியில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சிலிருந்து கிளம்பிக் காது வரைக்கும் ஏறி, பிறகு குளிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. களைப்பும் அப்படித்தான். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை, தூங்கி எழுந்ததும் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிற களைப்பு. பிரேக் லைனிங் தேய்ந்த கிரேன் இருக்கிறதே, சுவிட்சைப் போட்டால் ஏறும், இறங்கும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும், நிறுத்திய இடத்தில் நிற்காது, ஒரு சாண் தானாக இறங்கித்தான் நிற்கும். நான் அந்த ஒரு சாணில் இருந்துகொண்டிருக்கிறேன். கோபம் வந்தால் ஒரு சாண் அதிகமாக வருகிறது. வாரம் பூரா யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, ஊறுகாய் மூடி திறக்கவில்லை என்று பாட்டிலைச் சுவரில் அடித்தேன். என்னால் திறக்க முடியாத மூடியை என் மனைவி பிலோமினா துணியைப் போட்டுத் திருகித் திறந்துவிட்டாள், அதுதான் காரணம், ஊறுகாய்க்காக இல்லை. சுவரில் இன்னும் எண்ணெய்க் கறை இருக்கிறது. அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

இருபத்தி நான்கு. எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு பெண், ஏழெட்டு மாதம் இருக்கும், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன், ஆஸ்பத்திரி ஃபைலால் மெதுவாக விசிறுகிறான். இங்கே ஏ.சி. ஓடுகிறது, விசிற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் விசிறுகிறான், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பார்வையை எடுத்துக்கொள்கிறேன். பிலோவுக்கு நாற்பத்தியாறு வயதில் மாதவிலக்கு நின்றபோது வீட்டில் இப்படித்தான் விசிறிக்கொண்டிருந்தாள், நியூஸ் பேப்பரால், தானே தனக்கு. சோறு வடிக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி நிற்பாள். முகம் செவசெவ என்று ஆகிவிடும். ஃபேனை ஐந்தில் வைப்பாள், எனக்குச் சளி பிடிக்கும். ஒரு நாள் ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு, பால்காரர் வரவில்லை என்பதற்கு, உட்கார்ந்து அழுதாள். நான் என்ன சொன்னேன். பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, உனக்கு மட்டுமா வருது? ஊரக் கூட்டாதே." சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். அந்த வாரமே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். கிரேன் ஓட்டுகிறவன், தூக்கம் கெட்டால் ஆபத்து என்று காரணம் சொன்னேன். காரணம் சரிதான். சரியான காரணங்களைச் சொல்லித்தான் மனுஷன் தப்பு செய்கிறான். அவள் தனியாக ஒரு லேடி டாக்டரிடம் போய்வந்தாள் என்பது பிறகு எப்போதோ ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

டாக்டர் ஹசீனா அதைத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாமலே சொன்னார். "பொம்பளைங்களுக்கு சட்டுன்னு நின்னுடும். ஆம்பளைங்களுக்கு அப்படி இல்ல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். நெறைய பேருக்கு அதனால ஒரு தொந்தரவும் வராது. சில பேருக்கு இந்த மாதிரி வரும். தொப்பை, சுகர், குறட்டை, குடி, இதெல்லாம் சேர்ந்தா இன்னும் கீழ இழுக்கும். உங்களுக்கு நாலுல மூணு இருக்கு." என் மகள் ரெஜினாவைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவராக இருப்பார். அவர் முன்னால் உட்கார்ந்து அந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கால் வலி, மறதி, தூக்கம் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவரே எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "படுக்கைல சிரமம் இருக்கா?" என்று கேட்டார், சளி இருக்கா என்று கேட்கிற மாதிரி. இருக்கு என்றேன். "எவ்வளவு நாளா?" பதினோரு மாசமா. "வீட்ல பேசினீங்களா?" நான் கைக்குட்டையை எடுத்து மடித்தேன். "இது ஒண்ணும் குத்தம் இல்லீங்க. உடம்பு. சுகரைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்ப்போம்." பிறகு, நான் வெளியில் வாங்கி எதையாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். அதற்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு தடவை வருகிற ஆள். மூத்திரச் சந்துச் சுவர் பூரா அவன் முகம்தான், மஞ்சள் நோட்டீஸ். பட்டுச் சட்டைக்கு மேலே ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தான். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டான், சின்ன வயசில் கைப்பழக்கம் உண்டா என்று கேட்டான், நான் தலையைக் குனிந்தேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் அப்படிக் குனிந்ததில்லை. லேபிள் இல்லாத ஒரு பாட்டிலில் கறுப்பாக லேகியம். வண்டியின் பக்கப் பெட்டியில் ரெயின்கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, நாற்பது நாள், கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஸ்பூன் இல்லாமல் விரலால் எடுத்துத் தின்றேன். நெஞ்சு படபடத்தது, அதைத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். டாக்டர் ஹசீனா கேட்டதும் சொன்னார், "அதுல என்ன கலந்திருக்குன்னு அவனுக்கே தெரியாது. இன்னைக்கே தூக்கிப் போடுங்க. ஊசி போட்டா இருபது வயசு ஆயிடலாம்னு யாராவது சொன்னாலும் போடாதீங்க. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சு நானே ஒண்ணும் எழுத மாட்டேன், இன்னொரு தடவை காலைல பார்க்கணும், ஏன் குறைஞ்சிருக்குன்னு பார்க்கணும், ப்ராஸ்டேட்டையும் பார்த்துட்டுத்தான் எதுவும்." பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன், வழியிலேயே, குப்பைத் தொட்டியில். போட்டுவிட்டுத் திரும்பியதும் வெறுங்கையோடு நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் பாட்டிலில் ஒன்றும் இல்லைதான், ஆனால் நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு இருந்தது.

இருபத்தியேழு. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன். மூடக் கூடாது. கண்ணை மூடுவது எனக்குப் பயமாக இருக்கிறது, அன்றைக்குக் கிரேன் கேபினில் மூடியது எனக்கே தெரியாது என்பதால். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி. கொக்கியில் நாலு டன், பாய்லர் குழாய்க் கட்டு. கீழே சைகை காட்டுகிறவன் சின்னராசு, பதினைந்து வருஷமாக அவன் விரலைப் பார்த்துத்தான் நான் ஓட்டுகிறேன், அவன் கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்ந்தால் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும். அவன் விரலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு விசில் கேட்டது. எங்கேயோ தூரத்தில் ரயில் போகிறது, யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சுகமாக இருந்தது, அதுதான் கொடுமை. மறுபடியும் விசில், மறுபடியும். கண்ணைத் திறந்தபோது கட்டு போய்க்கொண்டிருந்தது, நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி, ஒரு வெல்டரின் முதுகைப் பார்த்து. முகத்தில் கவசம் போட்டுக் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரை இழுத்தேன். கட்டு ஆடி ஆடி நின்றது. அவன் முதுகுக்கும் அதற்கும் ஒரு கை நீளம். அவன் திரும்பவே இல்லை, பற்றவைப்புச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மறுநாள் கேட்டில் என்னைப் பார்த்து "குட் மார்னிங்ண்ணே" என்றான். நானும் குட் மார்னிங் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. சின்னராசு அன்றைக்கு ஏணியில் ஏறிக் கேபினுக்கு வந்தான், வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் குடித்த பிறகு, "அண்ணே, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிருங்க. நாளைக்கு மேல ஏறாதீங்க" என்றான். பாட்டிலை வாங்கி அவனே மூடியைத் திருகினான். என் கையில் அதற்குக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் ஃபோர்மேனிடம் சொன்னேன். தலைச்சுற்றல் என்று சொன்னேன், பாதி உண்மை. தூக்கப் பரிசோதனை முடிந்து டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் கிரேன் கிடையாது. இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் கண்ணாடியும் எடுத்துக் கொடுக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் கேபின் தெரியும், வேறு ஒருவன் உட்கார்ந்திருப்பான். இதையும் பிலோவிடம் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது எப்போதும் போல டிபன் பாக்ஸை வாங்கிக்கொள்கிறேன், எப்போதும் போல "பார்த்து ஏறுங்க" என்கிறாள், நான் தலையாட்டுகிறேன். இருபது நாளாகத் தலையாட்டுகிறேன். என் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் பேச்சு நின்றது. ஊமையாகவில்லை, கேட்டால் பதில் சொல்வார், தானாக எதுவும் பேச மாட்டார், ரயில்வே வேலை முடிந்து வந்தால் ஈசி சேர், சுவர். வீட்டில் நாங்கள் குசுகுசு என்றுதான் பேசுவோம். அம்மா அவருக்குத் தட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள், பக்கத்தில் உட்கார மாட்டாள். அவருக்கு என்ன கோபம் என்று ஐந்து வருஷம் யோசித்தோம். கோபம் இல்லையோ என்னவோ. அவருக்கும் ஒரு இருநூற்றுப் பதினெட்டு இருந்ததோ என்னவோ, யார் பார்த்தார்கள். நெஞ்சு வலி என்று ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனோம், அதோடு சரி. பிலோவும் இப்போது தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

"ஆரோக்கியசாமி! பில்லிங்குக்கு வாங்க." எழுந்திருக்கிறேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அந்தப் பெண் படிக்கிறாள், அடுத்த நாற்காலி வரிசைக்குக் கேட்கிற குரலில். "ஐம்பத்திரண்டு, ஆண். டெஸ்டோஸ்டிரோன் டோட்டல், ப்ரோலாக்டின், பி.எஸ்.ஏ., சரியா?" சரி. "ரிப்போர்ட் போன தடவை மாதிரி வாட்ஸப்ல அனுப்பிடலாமா சார்? கடைசி மூணு நம்பர் ஏழு ஏழு ரெண்டு." என்ன நம்பர் என்கிறேன். முழுதாகச் சொல்கிறாள். அது என் நம்பர் இல்லை. அது பிலோமினாவின் நம்பர். "போன தடவை நீங்கதான் சார் குடுத்தீங்க." நான்தான் கொடுத்திருப்பேன். கேபினுக்குள் ஃபோன் கூடாது, லாக்கரில்தான் கிடக்கும், அதனால் கேஸ், பாங்க், ரேஷன், ரெஜினாவின் காலேஜ், எங்கே யார் கேட்டாலும் இருபது வருஷமாக வாயில் வருகிற நம்பர் அவளுடையது. யோசித்துக் கொடுக்கவில்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்திருக்கும். "அனுப்பிட்டீங்களா? போன தடவை?" என்று கேட்கிறேன். அவள் மவுஸை உருட்டுகிறாள். "பதினஞ்சு நாள் முன்னாடி சார், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் அஞ்சு பத்து. பார்த்துட்டாங்களே, ரெண்டு நீல டிக் இருக்கு. நம்பர் மாத்தணுமா?" என் பின்னால் ஒருவர் செருமுகிறார். மாத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

முப்பத்திரண்டு. பதினைந்து நாள். செவ்வாய்க்கிழமை. நான் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையைத் துவைக்கப் போடாமல், ஹெல்மெட் அடியில் மாற்றி, வண்டிப் பெட்டியில் மாற்றித் திரிந்த அத்தனை நாளும் அவள் ஃபோனில் அது இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என்ன செய்துகொண்டிருந்தாள். டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் நோட்டுகள் திருத்தாமல் குவிந்து கிடந்தன. ஃபோன் கவிழ்த்து வைத்திருந்தது. லைட் போடவில்லை. என்ன இருட்டில் உட்கார்ந்திருக்கே என்றேன், இப்பத்தான் வந்தேன் என்றாள். தலைக்கு எண்ணெய் வச்சு விடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், என்ன திடீரென்று என்று எரிச்சலாகக்கூடச் சொன்னேன். புதன்கிழமை தட்டில் சோறு பாதியாகி, பாதிக்குப் பயறும் முட்டையும் வந்தது. "இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்று தட்டைத் தள்ளினேன். எடுத்துக்கொண்டு போனாள், மறுநாளும் அதையே வைத்தாள். அந்த வாரமே தனக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தாள். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கப் போறேன், வர்றீங்களா என்றாள். வேலை முடிஞ்சு வந்தவனை நடக்கக் கூப்பிடுறியே என்றேன். தனியாகப் போனாள். தினமும் கேட்டாள், தினமும் தனியாகப் போனாள். நேற்றுகூடக் கேட்டாள்.

வேர்வை மறுபடியும் நெஞ்சிலிருந்து கிளம்புகிறது. அப்படியானால் தெரிந்திருக்கிறது. அல்லது தெரியவில்லை, ஏதோ ரத்தப் பரிசோதனை, சுகர் என்று நினைத்துக்கொண்டாளோ. டீச்சர், இங்கிலீஷ் படிக்கத் தெரியும், ஃபோனில் தேடிப் பார்த்திருப்பாள். தேடினால் என்னென்ன படம் வரும், என்னென்ன விளம்பரம் வரும், நானும்தான் தேடினேன். யாரிடமாவது காட்டியிருப்பாளோ, தங்கச்சியிடம், ஸ்டாஃப் ரூமில். சிரித்திருப்பாளோ. இல்லை, அவள் சிரிக்க மாட்டாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞாபகம் வருகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதில்தான் வந்து முட்டுகிறேன். பூசை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டு, நான் ஹாலில் படுத்திருந்தேன். ரெஜினா கோயம்புத்தூர் ஹாஸ்டலில். பிலோ தானாக வந்து பக்கத்தில் படுத்தாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு, அவளுடைய உடம்புச் சூடெல்லாம் அடங்கி. என் நெஞ்சில் கையை வைத்தாள். எனக்கு அவள் கை பிடித்திருந்தது, வேண்டும் என்றுதான் இருந்தது. உடம்பு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், "வேர்க்குது, தள்ளிப் படு" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். பதினோரு மாசம். அதற்குப் பிறகு சாம்பார் ஊற்றும்போதுகூட அவள் விரல் என் மேல் பட்டதில்லை.

நாற்பத்தியொன்று. உள்ளே மேஜை மேல் கையை நீட்டுகிறேன். டெக்னீஷியன், நடு வயதுப் பெண், ரப்பர் குழாயை இறுக்கி முழங்கை மடிப்பைத் தட்டுகிறார். "நல்லா மூடுங்க சார் கைய. இன்னும் இறுக்கி." இதுதான் இறுக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. "என்ன வேலை பார்க்கறீங்க?" கிரேன் ஆப்பரேட்டர் என்கிறேன், பிறகு, "இப்ப ஸ்டோர்ல இருக்கேன்" என்கிறேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன், பேர் தெரியாத ஒருவரிடம். ஊசி போகிறது, வலிக்கவில்லை. ரத்தம் குழாய்க்குள் வருகிறது, மூன்று குழாய், எதிலும் ஒரு குறையும் தெரியவில்லை, கெட்டியாக, கறுஞ்சிவப்பாக, எல்லாருடையது மாதிரித்தான் இருக்கிறது. "முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம் பஞ்ச அமுக்கிப் பிடிங்க. சாப்பிடாம வண்டி ஓட்டாதீங்க." மணி எட்டு நாற்பது. வெளியே வெயில் ஏறிவிட்டது. லேப் வாசலில் பைக்குகள் நெருக்கியடித்து நிற்கின்றன, என் வண்டியை எடுக்க நாலு வண்டியை நகர்த்த வேண்டும், அதற்குத் தெம்பில்லை, ஒரு படிக்கட்டில் உட்கார்கிறேன். ஃபோனை எடுத்து அவள் பேரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாயங்காலம் ரிப்போர்ட் அவளுக்குத்தான் போகப்போகிறது, எனக்கு முன்னால் அவள்தான் பார்க்கப்போகிறாள், அதற்கு முன்னால் என் வாயால் ஒரு தடவை. இவ்வளவு நாள் சின்னராசுவின் கையைப் பார்த்து ஓட்டிவிட்டேன். இதற்குச் சைகை காட்ட ஆள் இல்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னங்க, என்ன ஆச்சு?" குரலில் பயம். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே கிடையாது. "ஒண்ணும் ஆகல பிலோ. லேப்ல இருக்கேன். ரத்தம் குடுத்தேன்." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "போன தடவை ரிப்போர்ட் உன் ஃபோனுக்கு வந்துச்சாமே." "வந்துச்சு." "பார்த்தியா?" "பார்த்தேன்." "ஏன் கேக்கல?" "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது, எங்கேயோ ஒதுங்கி நிற்கிறாள் போலிருந்தது. "அது வர்ற வரைக்கும் நான் வேற நெனச்சுக்கிட்டிருந்தேன். என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு. வயசாயிட்டேன்னு. கண்ணாடி முன்னாடி நின்னு எவ்வளவு நாள் பார்த்திருக்கேன் தெரியுமா. ஃபோன்ல அதைப் படிச்சப்ப, கடவுளே, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க. அப்புறம் அப்படி சந்தோஷப்பட்டதுக்கு அழுதேன்." படிக்கட்டில் யாரோ என்னைத் தாண்டிப் போகிறார்கள், காலை ஒடுக்கிக்கொள்கிறேன். கிரேனில் இப்போது இல்லை என்று சொன்னேன். வெல்டரைச் சொன்னேன், ஒரு கை நீளம் என்று சொன்னேன். லாட்ஜைச் சொன்னேன், லேகியத்தைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள், லேகியத்துக்கு மட்டும், "அதையா தின்னீங்க?" என்றாள். "டாக்டர்ட்ட தனியாவா போனீங்க?" என்று கேட்டாள். தனியாத்தான் என்றேன். "நானும் அப்ப தனியாத்தான் போனேன்" என்றாள், கோபமில்லாமல், தேதி சொல்கிற மாதிரி. "அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" "இருக்கு." "சொல்லுங்க." சொன்னேன். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே நான் சொன்ன வார்த்தைகளை, ஒன்றுவிடாமல், ரோட்டோரத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னேன். மன்னிச்சிரு என்று சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா, தெரியவில்லை. "சனிக்கிழமை ஸ்கூல் லீவு. அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அசெம்ப்ளி மணி அடித்தது, ஃபோனிலேயே காது அடைக்கிற மாதிரி. வைக்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. டீச்சர் டீச்சர் என்று ஏதோ ஒரு குரல், போ வர்றேன் என்று அவள் குரல், பிறகு படி ஏறுகிற சத்தம். ஒரு படி, நிறுத்தம். இன்னொரு படி, மூச்சு. இவ்வளவு மெதுவாகவா ஏறுவாள். "என்ன பிலோ, மூச்சு வாங்குது?" "மூச்சு இல்லங்க. முட்டி." "முட்டிக்கு என்ன?" "வலிக்குது. மாடி கிளாஸ்ல போட்டதுலேருந்தே." "எப்ப போட்டாங்க?" "ரெண்டு வருஷமாச்சு." இரண்டு வருஷம். நேற்றுச் சாயங்காலம்கூட அந்த முட்டியோடுதான் நடக்கப் போயிருக்கிறாள். பஞ்சை அமுக்கியிருந்த விரலை எடுத்துப் பார்த்தேன், ரத்தம் நின்றிருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். "நானும்தான் சொல்லல" என்றாள். இன்னொரு படி. வெயில் முகத்தில் அடித்தது, நகர்ந்து உட்காரவில்லை. "சொல்லு" என்றேன். "இப்பவா? மாடி ஹால்ல அசெம்ப்ளி நடக்குது." "பரவால்ல, ஏறிக்கிட்டே சொல்லு." அவள் நின்றாள், கைப்பிடிக் கம்பியில் வளையல் இடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு, "மொதல்ல இடது முட்டிலதாங்க ஆரம்பிச்சுது" என்றாள்.